வாங்காத கடனுக்கு ரசீது ஏது?

திருகோணமலையில் வீடு வீடாகக் கடன் அறவிட வரும் தம்பிமாருக்கும், அவர்களிடம் பட்டியலைக் கொடுத்து அனுப்பும் நிதி நிறுவன முகாமையாளர்களுக்கும்,

வணக்கம். நான் பாலையூற்றில் இருபது வருடத்துக்கு மேலாகத் தையல் வேலை செய்கிறவள். என் பெயரை இங்கே எழுதவில்லை. பயத்தினால் இல்லை, அந்தப் பெயர்தான் பிரச்சினையே என்பதால். என் அம்மா என்னைப் பெற்ற காலத்தில் பெண் பிள்ளைகளுக்கு வைக்கவென்று ஊரில் ஒரு பத்துப் பெயர்தான் சுற்றிக்கொண்டிருந்தது போலிருக்கிறது, என் வகுப்பில் மட்டும் என் பெயரில் மூன்று பேர், ரீச்சர் எங்களை நெட்டை, கட்டை, மற்றது என்று கூப்பிடுவார் (நான் மற்றது). இப்போது அதே பெயரும் அதே முதலெழுத்தும் உள்ள யாரோ ஒரு பெண் எங்கேயோ கடன் எடுத்து, அவளால் கட்ட முடியாமல் போக, நீங்கள் பத்து மாதமாக என் படலையில் வந்து நிற்கிறீர்கள்.

உங்கள் நிறுவனத்தின் பெயரையும் எழுதவில்லை. எழுதினால் அடுத்த கடிதம் உங்கள் சட்டத்தரணியிடமிருந்து வரும், அதற்கு எனக்கு நேரம் இல்லை. அதோடு, இதை வாசிக்கிற ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக்கு வந்த ஹெல்மெட்காரர்களைத்தான் நினைத்துக்கொள்வார்கள், அவர்கள் எல்லாரும் ஒரே கந்தோரிலிருந்து வந்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

முதல் போன் வந்தது பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முந்திய கிழமை. எங்கள் தொழிலில் அது தீபாவளியை விடப் பெரிய நெரிசல், அரசாங்கம் கொடுத்த வெள்ளைச் சீருடைத் துணியைத் தூக்கிக்கொண்டு பாலையூற்றில் பாதிப் பேர் என் விறாந்தையில் நிற்பார்கள். "மேடம், நீங்க இன்னார்தானே?" என்றது ஒரு குரல், நல்ல மரியாதையாக. "ஓம்" என்றேன். நான் செய்த பிழை அந்த ஒரு ஓம்தான். அதற்குப் பிறகு நான் சொன்ன எந்த இல்லையும் உங்களிடம் எடுபடவில்லை. ஐந்து மாதமாகத் தவணை விழவில்லையாம், வட்டியோடு 186,400 ரூபா நிற்கிறதாம், எப்போது கட்டுகிறீர்கள் மேடம். தம்பி, நான் எங்கேயும் கடன் எடுக்கவில்லை, ஆள் மாறிவிட்டது என்று சொன்னேன். "எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறாங்க மேடம்" என்று பதில் வந்தது. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எல்லாரும் ஒன்றைச் சொல்கிறார்கள் என்பதற்காக அதைச் சொல்கிற எல்லாரும் பொய்யர்களாகிவிடுவார்களா?

பிறகு ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, வேறு வேறு இலக்கங்களிலிருந்து. மரியாதையும் தவணை முறையில் குறைந்துகொண்டு வந்தது. மேடம் அக்காவானது, அக்கா நீங்களானது, கடைசியில் "இந்தா பாருங்க" என்று தொடங்கும் அளவுக்கு வந்தது. இலக்கத்தைத் தடுத்தால் புது இலக்கம். மகளின் போனுக்கும் வந்தது, அவளுடைய இலக்கம் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

நேரில் வந்த நாளைச் சொல்ல வேண்டும். இரண்டு பேர், ஒரு மோட்டார்சைக்கிள். நேரே என் வீட்டுக்கு வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சந்திக் கடையில் நிறுத்தி, நாலு பேர் பால்தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும் இடத்தில், என் பெயரைச் சொல்லி, "லோன் கட்டாம இருக்கிற ஆள், வீடு எது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைக்காரர் பாவம், அவருக்குத் தெரிந்த அந்தப் பெயர்க்காரி நான் ஒருத்திதான், கையைக் காட்டிவிட்டார். ஒரு கையைக் காட்டலில் நான் கடன்காரியாகிவிட்டேன். அன்றைக்குப் பின்னேரம் பத்திரகாளி அம்மன் கோயிலடியில் ஒரு சொந்தக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் பிள்ளை, காசு தேவை எண்டா என்னட்ட கேட்டிருக்கலாமே" என்றாள். உண்மையான அன்போடுதான் கேட்டாள், அதுதான் கூடுதலாகச் சுட்டது. இந்த ஊரில் ஒரு செய்தி பஸ் நிலையத்திலிருந்து கோயிலுக்கு நடந்து போவதற்குள் நமக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கும். மறுப்பு அப்படிப் போகாது. அது இன்றைக்கும் நொண்டிக்கொண்டுதான் போகிறது.

அன்று படலையில் நின்று ஒரு தம்பி கொப்பியைத் திறந்து என் வீட்டு இலக்கத்தையும் ஒழுங்கையின் பெயரையும் பேனையால் எழுதிக்கொண்டார். ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். "பைலில அட்ரஸ் சரியா இல்ல அன்ரி, அப்டேட் பண்ணுறன்." அதாவது அதுவரை உங்கள் பைலில் என் விலாசம் இல்லை. நானா அந்த ஆள் என்று விசாரிக்க வந்தவர், போகும்போது நான்தான் அந்த ஆள் என்று எழுதிக்கொண்டு போனார். இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டேன், கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், உங்கள் கிளை முகாமையாளர் மட்டும்தான் சிரிக்கவில்லை.

ஒரு கட்டத்தில் கட்டித் தொலைத்துவிடலாம் என்று எனக்கே தோன்றியது. அதை மறைக்கத் தேவையில்லை. வாடிக்கைக்காரர்கள் இருக்கிறார்கள், வாசலில் இரண்டு பேர் சத்தமாகப் பேசுகிறார்கள், மகள் உள்ளே இருந்து "ஏதாவது கொடுத்து அனுப்புங்கோ அம்மா" என்கிறாள், மேசை லாச்சியில் 2,000 ரூபா இருக்கிறது. "இப்போதைக்கு ஒரு ரெண்டாயிரம் கட்டினா மேலிடத்துக்குச் சொல்லி நிப்பாட்டுறம் அன்ரி" என்று நீங்களும் இறங்கி வந்தீர்கள். காசைக் கையில் எடுத்துவிட்டேன். அளவு கொடுக்க வந்திருந்த ஒரு பெரியவர், முன்னொரு காலத்தில் கோட்டில் கிளாக்காக இருந்தவர், வாங்கிலிலிருந்து எழும்பவே இல்லை, "பிள்ளை, அந்தக் காசை உள்ளே வை" என்றார். அவ்வளவுதான்.

பிறகு விளக்கினார். எழுத்து மூலமான ஒப்பந்தத்தில் வந்த கடனுக்கு வழக்கு வைக்க 6 வருடம், எழுத்தில் இல்லாததுக்கு 3 வருடம் என்று 1871ஆம் ஆண்டிலிருந்தே ஒரு காலாவதிக் கட்டளைச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது கடனில் ஒரு பகுதியைக் கட்டினாலோ, ஆம் தரவேண்டும்தான் என்று எழுதிக் கொடுத்தாலோ, கடனை ஒப்புக்கொண்டதாகக் கருதப்பட்டுக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கலாம். என் விஷயத்தில் அதைவிட மோசம். இல்லாத கடனுக்கு 2,000 ரூபா கட்டி நீங்கள் எழுதித் தரும் துண்டுதான், அந்தக் கடனுக்கும் எனக்கும் சம்பந்தம் உண்டு என்பதற்கு உலகத்திலேயே இருக்கக்கூடிய ஒரே அத்தாட்சியாக இருந்திருக்கும். அதை என் காசிலேயே வாங்கியிருப்பேன். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

அன்றிலிருந்து நான் ஒன்றைத்தான் கேட்டேன்: கடதாசியைக் காட்டுங்கள். கோட்டையிலிருந்து இறங்கி வந்து நகரத்தில் திரியும் மான்கள்கூடக் கடதாசியைக் கண்டால்தான் கிட்ட வரும், நீங்கள் கடதாசி இல்லாமலே வருகிறீர்கள். மூன்று தடவை கேட்ட பிறகு ஒரு தம்பி தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார், ஒரு கணினித் திரையைப் படமெடுத்த படம். என் பெயர் இருந்தது. கீழே அடையாள அட்டை இலக்கம். பார்த்தவுடனே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இதை மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பழைய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு எண்களும் பிறந்த வருடம். அடுத்த மூன்று எண்களும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாளில் பிறந்தோம் என்பது, பெண்களுக்கு மட்டும் அதோடு 500ஐக் கூட்டிப் போடுவார்கள். 2016இலிருந்து வரும் 12 எண் அட்டையிலும் அதே முறைதான், வருடம் மட்டும் நாலு எண்ணாக முழுதாக வரும். ஆகவே ஒரு இலக்கத்தைக் கண்டாலே ஆளின் வயதும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். நான் 1971இல் பிறந்தவள். உங்கள் திரையில் இருந்த இலக்கம் 79இல் தொடங்கியது. என்னை எட்டு வயது குறைத்ததற்கு நன்றி, இந்த வயதில் யாரும் அப்படிச் செய்வதில்லை. ஆனால் தம்பி, இதைக் கண்டுபிடிக்க ஒரு தையல்காரிக்கு அரை நிமிடம்தான் ஆனது, பைலைத் தூக்கிக்கொண்டு ஊர் முழுக்கப் பெற்றோல் எரிக்கும் உங்களுக்கு, ஒருதரம் என் அட்டையை வாங்கி அந்த இலக்கத்தோடு வைத்துப் பார்க்க ஐந்து மாதத்தில் ஒரு நாள் கிடைக்கவில்லையா?

அட்டையைக் காட்டினேன். பார்த்தார். முகம் மாறியது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த நாள் காலை வேறு இலக்கத்திலிருந்து வேறு குரல், "மேடம், அஞ்சு மாசமா தவணை விழல்ல."

அதனால்தான் கிளைக்கே போனேன். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, கதவைப் பூட்டி, ஓட்டோவுக்குக் காசு கொடுத்துப் போனேன் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணித்தியாலம் இருத்தி வைத்தபிறகு முகாமையாளர் ஐயா கூப்பிட்டார். அட்டையைக் காட்டினேன், இலக்கம் வேறு என்று சொன்னேன். அவர் திரையைத் திருப்பிக் காட்டி "சிஸ்டத்தில இருக்கே" என்றார், ஏதோ சிஸ்டம் வானத்திலிருந்து இறங்கியதுபோல. அதில் தட்டச்சுச் செய்தது உங்கள் கந்தோரில் இருக்கும் ஒரு பிள்ளைதானே ஐயா? பிறகு ஒரு கேள்வி கேட்டார். இந்த மடல் முழுவதும் அந்தக் கேள்விக்காகத்தான். "நீங்க எடுக்கல்ல எண்டதுக்கு என்ன ஆதாரம்?"

வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. மெஷின் வாங்கியதற்கு என்னிடம் ரசீது இருக்கிறது. நூல் வாங்கியதற்கு இருக்கிறது. மின்சாரம் கட்டியதற்கு, மகளின் ரியூஷன் காசுக்கு, எல்லாவற்றுக்கும் ஒரு பிஸ்கட் பெட்டி நிறைய வைத்திருக்கிறேன். வாங்காத ஒன்றுக்கு யாரிடம் போய் ரசீது கேட்பது? நான் எடுக்காத கடன் என்றால் உங்களிடம் ஒன்று மட்டும் அல்ல, இலங்கையில் உள்ள எல்லா வங்கியிலும் எல்லா நிதி நிறுவனத்திலும் நான் கடன் எடுக்காமல்தான் இருக்கிறேன், அத்தனை பேரிடமும் போய் எடுக்கவில்லை என்று எழுதி வாங்கி வரட்டுமா? காசு கொடுத்தவன் கையில்தான் கடதாசி இருக்கும். ஒப்பந்தம், கையெழுத்து, அட்டைப் பிரதி, காசு யார் கையில் போனது என்ற பதிவு, எல்லாம் உங்கள் அலுமாரியில் இருக்க வேண்டியவை. அலுமாரியைத் திறந்து பார்க்கிற வேலையை என் தலையில் கட்டாதீர்கள்.

அதற்கு அடுத்த கேள்வி இன்னும் மோசம். "சரி, நீங்க இல்லையெண்டா அந்த ஆள் யார்? எங்க இருக்கிறா? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே." எனக்குத் தெரியாது. ஒருவேளை தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். எனக்கு அவள் யாரென்று தெரியாது, ஆனால் அவளைப் பற்றி நான் இந்தப் பத்து மாதத்தில் நிறைய யோசித்திருக்கிறேன். என்னைவிட எட்டு வயது இளையவள். ஏதோ ஒரு தேவைக்கு எடுத்திருப்பாள். கிழமைக் கடன் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும், குழுவாக ஐந்து பேர், ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கூடி நின்று அவளைப் பார்ப்பார்கள், அந்தப் பார்வைக்குப் பயந்து ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க இன்னொன்று. 2018இல் வரட்சியால் பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்கும் அளவுக்கு நிலைமை போயிருந்தது. அவள் கட்ட வேண்டியது இருந்தால் அது உங்களுக்கும் அவளுக்கும் உள்ள கதை, நீதிமன்றம் இருக்கிறது, பேசித் தவணையை மாற்ற வழி இருக்கிறது. சந்திக் கடையில் நின்று அவளுடைய பெயரைக் கூவ மட்டும் உரிமை கிடையாது. எனக்குச் செய்ததை அவளுக்குச் செய்தால் அது சரியாகிவிடும் என்று நான் நினைக்கிறேன் என்று எண்ணாதீர்கள்.

தம்பிமாரே, உங்களோடு எனக்குக் கோபம் குறைவு. என் தங்கையின் மகனும் இந்த வேலையில் எட்டு மாதம் இருந்தவன். காலையில் பட்டியல், பின்னேரம் கணக்கு, டார்கெட் வராவிட்டால் எல்லாருக்கும் முன்னால் வைத்து ஏச்சு, பெற்றோல் காசு பாதி கையிலிருந்து. கிண்ணியாப் பாலத்தில் மழைக்குள் ஒருநாள் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு அழுதேன் பெரியம்மா என்று சொன்னான். ஆகவே மேலிருந்து உங்கள் தலையில் விழுவதைத்தான் என் படலையில் இறக்கி வைக்கிறீர்கள் என்று எனக்கு விளங்குகிறது. ஆனாலும் நீங்கள் சொல்லும் சில பொய்களை நிறுத்தலாம், அதற்கு யாரும் டார்கெட் போடவில்லை.

"பொலிசோட வருவம்" என்கிறீர்கள். வாருங்கள், தேத்தண்ணி போட்டு வைக்கிறேன். கடன் கட்டாதது குடியியல் விவகாரம், அதற்காகப் பொலிஸ் வந்து உங்களுக்குக் காசு பிடித்துத் தராது. காசோலை கொடுத்து அது திரும்பியிருந்தால் அது வேறு கதை, யாராவது என் அட்டையைப் பாவித்துக் கள்ளக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் வேறு கதை, ஆனால் அந்தக் கதையில் முறைப்பாட்டுக்காரி நான். அப்படித்தான் நானே பொலிசுக்குப் போய் ஒரு முறைப்பாடு பதிந்து வைத்திருக்கிறேன். "ஐசியை புளொக் பண்ணுவம், பாஸ்போர்ட் எடுக்கேலாது" என்கிறீர்கள். அடையாள அட்டை கொடுக்கும் ஆட்பதிவுத் திணைக்களத்தின் சாவி எப்போது உங்கள் கிளைக்கு வந்தது? ஒருவரின் பயணத்தைத் தடுக்க வேண்டுமென்றால் நீதிமன்றம் சொல்ல வேண்டும்.

"கிரிப்பில போடுவம்" என்பதுதான் எல்லாரையும் நடுங்க வைக்கிறது. கிரிப் என்பது 1990ஆம் ஆண்டின் சட்டத்தில் உருவான கொடுகடன் தகவல் பணியகம். அது கறுப்புப் பட்டியல் இல்லை, யார் எங்கே எவ்வளவு எடுத்தார், ஒழுங்காகக் கட்டுகிறாரா என்ற பதிவு. நம்முடைய அறிக்கையை நாமே விண்ணப்பித்து எடுக்கலாம், பிழை இருந்தால் திருத்தக் கேட்கலாம். நான் எடுத்தேன். என் பெயரில், என் இலக்கத்தில், அந்தக் கடன் இல்லை. (எல்லாச் சின்ன நிறுவனங்களின் கடனும் அதில் இருக்கும் என்று இல்லை, அதனால் அதில் இல்லை என்பதை மட்டும் நம்பி ஒருவர் நிம்மதியாக இருக்க முடியாது. ஆனால் மிரட்டினவர்களுக்குக் காட்ட நல்ல கடதாசி.)

இதை வாசிக்கும் ஊர்ச்சனத்துக்கும் இடையில் ஒன்று சொல்ல வேண்டும். போனில் வரும் சத்தத்தை விடலாம், நீதிமன்றக் கடதாசியை விடக்கூடாது. 1990ஆம் ஆண்டின் கடன் அறவிடல் விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் ஒரு வங்கியோ நிதி நிறுவனமோ பத்திரங்களோடு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனால், நம் பக்கத்தைக் கேட்பதற்கு முன்பே ஒரு நிபந்தனைத் தீர்ப்பு வரலாம், குறித்த திகதியில் போய் நம் நியாயத்தைக் காட்டாவிட்டால் அது முடிந்த தீர்ப்பாகிவிடும். கடன் என்னுடையது இல்லைத்தானே என்று கடதாசியை அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டு இருந்தால், நம்முடையது இல்லாத கடன் நம்முடையதாகிவிடும். சட்டத்தரணி பிடிக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு திருகோணமலையிலும் இருக்கிறது. அப்புறம், எங்கேயாவது பிணைக் கையெழுத்துப் போட்டிருந்தால், காசைத் தொடவே இல்லை, சும்மா கையெழுத்துத்தான் போட்டேன் என்று சொல்வதில் பயனில்லை. அது நம்முடைய கடன்தான். நான் பேசுவது கையெழுத்தும் இல்லாத, காசும் தொடாத கடனைப் பற்றி.

அதிலும் நான் தனி ஆள் இல்லை என்று இந்த விஷயத்தை வெளியே பேசத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. உப்புவெளியில் ஒரு பிள்ளை புது சிம் வாங்க, அந்த இலக்கத்தை முன்பு வைத்திருந்தவரின் கடனுக்கு அவளுக்குப் போன் வந்துகொண்டிருக்கிறது. சிம் வாங்கியதற்கு வட்டி. இன்னொருவருடைய நண்பன் போனில் ஏதோ கடன் செயலியை இறக்கியிருக்கிறான், அது அவனுடைய தொலைபேசி இலக்கங்களை எல்லாம் அள்ளிக்கொண்டுபோய், அவன் கட்டவில்லை என்று இவருக்கு, இவருடைய மனைவிக்கு, முடிவெட்டும் கடைக்கு என்று எல்லாருக்கும் செய்தி அனுப்புகிறது. அட்டைப் பிரதியைக் கேட்ட இடத்தில் எல்லாம் கொடுத்துப் பழகிவிட்டோம், நிவாரணத்துக்கு, சிம்முக்கு, குழுக் கூட்டத்துக்கு. இப்போதெல்லாம் நான் பிரதி கொடுத்தால் அதன் குறுக்கே எதற்காக, என்ன திகதியில் கொடுத்தேன் என்று பேனையால் எழுதித்தான் கொடுக்கிறேன். வாங்குகிறவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

சரி, முகாமையாளர் ஐயாமாருக்கு வருகிறேன். கிளையிலிருந்து வந்த மறுநாள் ஒரு கடிதம் எழுதினேன், தமிழில், ஒரு பக்கம். இந்தக் கடனை நான் ஏற்கவில்லை, ஒப்பந்தத்தின் பிரதியையும் அடையாள அட்டைப் பிரதியையும் காசு கொடுத்த பதிவையும் அனுப்புங்கள், அதுவரை என்னையோ மகளையோ அயலவரையோ அழைக்க வேண்டாம், எதுவென்றாலும் எழுத்தில் அனுப்புங்கள் என்று. பதிவுத்தபாலில் அனுப்பி, துண்டை பிஸ்கட் பெட்டியில் போட்டேன். வந்த அழைப்புகளின் நேரத்தையும் இலக்கத்தையும் மகள் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தாள், ஐந்து பக்கம் ஆனது. ஒரு மாதத்துக்குப் பிறகு உங்கள் பதில் வந்தது, ஆங்கிலத்தில். அதில் நான் கேட்ட ஒன்றும் இல்லை, 186,400 மட்டும் 193,000 சொச்சமாகியிருந்தது. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று எழுதிவிட்டார்கள். திருகோணமலையில் கிளை திறந்து, தமிழில் விளம்பரம் ஒட்டி, தமிழில் கூட்டம் வைத்துக் கடன் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு, மிரட்டும்போது மட்டும் ஏன் ஆங்கிலம் வருகிறது?

பிறகு 1935 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம். முதலில் நிறுவனத்துக்கு எழுதினீர்களா என்று கேட்டார்கள், பதிவுத்தபால் துண்டு அங்கேதான் உதவியது. 2023இல் மத்திய வங்கி நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்திருக்கிறது, மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் நீங்கள் அதை வாசித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அதன்பிறகு அழைப்புகள் நின்றன. மன்னிப்பு இல்லை, விளக்கம் இல்லை, சும்மா நின்றன. மூன்று கிழமை நல்ல அமைதி. மெஷின் சத்தம் மட்டும்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு புதுத் தம்பி வந்தார். நல்ல பிள்ளை, சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் விறாந்தையில் ஏறினார். என் பெயரைச் சொல்லி, நீங்களா என்று கேட்டார். இந்த முறை நான் ஓம் என்று சொல்லவில்லை, பெட்டியைத் திறந்து எல்லாக் கடதாசியையும் மேசையில் பரப்பினேன். வாசித்தார். கந்தோருக்குப் போன் எடுத்துப் பேசினார், இருபது நிமிடம், இடையில் தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார். கடைசியில், "அன்ரி, குறை நினைக்காதீங்க, உங்கட பேர் இன்னும் லிஸ்டில இருக்கு, எனக்கு அத எடுக்க ஏலாது" என்றார். அவரால் ஏலாது என்று எனக்கும் தெரியும்.

ஏலுமானவர்கள் நீங்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். எனக்கு வேண்டியது இவ்வளவுதான். அந்தப் பைலிலிருந்து என் வீட்டு விலாசத்தையும் என் இலக்கத்தையும் மகளின் இலக்கத்தையும் எடுங்கள். எடுத்துவிட்டோம், இந்தக் கடனுக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு கடிதம், தமிழில், கையெழுத்தும் முத்திரையும் போட்டு. ஒரு பிரதி எனக்கு, ஒரு பிரதியை உங்கள் தம்பி யாராவது அந்தச் சந்திக் கடையில் நாலு பேர் இருக்கும் நேரமாகப் பார்த்து வாசித்துக் காட்டட்டும். எனக்கு அனுப்புவதைப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். விலாசம் தேட வேண்டியதில்லை, உங்கள் பைலில் சரியாக இருப்பது அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
79இல் பிறக்காத ஒருத்தி,
பாலையூற்று, திருகோணமலை.